கல்லா, கேப்பா, இன்லைனா? பென்சில்வேனியா மான் வேட்டைக்கு முன்வாய்த் துப்பாக்கி

முன்வாய்த் துப்பாக்கி என்றால் குழலின் முன்வாய் வழியே வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிப்பது. கல் வகையில் சக்கிமுக்கிக்கல்லின் பொறி தீ வைக்கும். கேப் வகையில் அடித்தால் வெடிக்கும் சிறு உலோகத் தொப்பி தீ வைக்கும். இன்லைன், குழலின் நேர் பின்னாலிருந்து தீ பாயும் புது வகை. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிந்தைய மான் பருவம்தான் குறி என்றால் யோசிக்கவே வேண்டாம். 1974இல் தொடங்கிய அந்தப் பருவத்தில் சக்கிமுக்கிக்கல் துப்பாக்கிக்கு மட்டுமே அனுமதி. அக்டோபரில் கொம்பில்லா மானுக்கு விடும் நாட்களில் கேப்பும் இன்லைனும் செல்லும். இரண்டுக்கும் ஒன்றே போதும் என்பவர் கல்லைத்தான் வாங்க வேண்டும்.

கல் துப்பாக்கி வெடிக்காமல் போனால் பழி துப்பாக்கிமேல் விழும். குற்றம் பெரும்பாலும் கிண்ணியில், அதாவது குழல் துளைக்கு வெளியே பற்றவைக்கும் பொடி வைக்கும் சிறு குழியில் இருக்கும். எஃப்எஃப்எஃப்எஃப்ஜி என்ற மிக நுண்ணிய கருமருந்துப் பொடியைக் கிண்ணியில் பாதிக்கும் குறைவாகப் போடுங்கள். குழல் துளையை மூடும்படி குவித்தால் அது திரிபோல எரிந்து, விசையை இழுத்த பிறகே சாவகாசமாக வெடிக்கும். அதற்குள் குறி நகர்ந்திருக்கும். கல்லைத் தோலில் சுற்றி, அதன் விளிம்பு, பொறி எழ உரசும் எஃகுத் தகட்டின் முழு அகலத்திலும் படும்படி முடுக்க வேண்டும். ஈரக்காற்றில் கிண்ணிப் பொடி கூழாகிவிடும். துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். பைரோடெக்ஸ் போன்ற மாற்று வெடிமருந்துகள் தீப்பிடிக்க அதிகச் சூடு கேட்பவை, கல்லுக்கு ஒத்துவராது. அசல் கருமருந்துதான் வேண்டும்.

கேப் துப்பாக்கி மழையை ஓரளவு தாங்கும், பைரோடெக்ஸையும் ஏற்கும். அதன் எதிரி, கேப்பை மாட்டும் நிப்பிள் என்ற சிறு குழாயில் தேங்கிய எண்ணெய். கெட்டிக்கும் முன் வெறும் குழலில் ஒரு கேப்பை அடித்து, குழல்வாயருகே உள்ள புல் அசைகிறதா என்று பாருங்கள். அசையாவிட்டால் வழி அடைத்திருக்கிறது.

இன்லைன் 1985இல் டோனி நைட்டின் எம்கே-85 வந்த பிறகு பரவியது. இப்போது பெரும்பாலானவற்றில் ஷாட்கன் தோட்டாவின் 209 பிரைமர் என்ற தீமூட்டிதான் தீ வைக்கிறது. குறிபார்க்கும் ஸ்கோப்பும் மாட்டலாம். சுலபம்தான், ஆனால் குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பின்திருகில் கிரீஸ் தடவாமல் விட்டால் இறுகிக்கொண்டு கழலாது. கொலராடோவின் முன்வாய்த் துப்பாக்கிப் பருவத்தில் ஸ்கோப், சபோ (குண்டைச் சுற்றும் பிளாஸ்டிக் உறை), மாத்திரை வடிவ மருந்து மூன்றுக்குமே தடை. அங்கே கொண்டுபோனால் இன்லைனின் பாதிச் சலுகை போய்விடும்.

குண்டிலும் வித்தியாசம் உண்டு. உட்சுவரின் வரிப்பள்ளம் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுகும் 0.50 அங்குலக் குழலுக்கு 0.490 அங்குல ஈய உருண்டையும் அதைச் சுற்ற 0.015 அங்குலத் தடிமன் துணியும் பொருந்தும். 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுகும் இன்லைன் நீளக் குண்டுக்கானது. எதுவானாலும் புகையற்ற மருந்து வேண்டாம், குழல் வெடித்துவிடும். குண்டு மருந்தின்மேல் உட்காராமல் நடுவில் நின்றாலும் குழல் வீங்கும். அதனால் குண்டு முழுதும் இறங்கியதும் குழல்வாயில் தெரியும் அளவுக்கு, குண்டைத் தள்ளும் இடிகோலில் கோடு போட்டு வையுங்கள். வெடிக்காவிட்டால் ஒரு நிமிடம் குழலைப் பாதுகாப்பான பக்கமே பிடித்திருங்கள். கருமருந்துக் கசடு ஈரத்தை இழுத்துத் துருவாக்கும். அன்றைக்கே வெந்நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெய் போட வேண்டும்.

சேகரிப்பவருக்கு இன்லைனில் சுவை குறைவு. பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பகுதியின் பழைய நீளத் துப்பாக்கிகளில்தான் சிக்கலே. கேப் வந்ததும் பல கல் துப்பாக்கிகளை அன்றே கேப்புக்கு மாற்றினார்கள். பின்னாளில் விலைக்காகச் சிலவற்றை மறுபடி கல்லாக்கினார்கள். பொறியமைப்பைத் தாங்கும் விசைத்தகட்டில் அடைத்த திருகுத் துளைகள், தேய்மானமே இல்லாத கிண்ணி, பக்கத்து இரும்போடு சேராத நிறம் இருந்தால் சந்தேகப்படுங்கள். அந்தக் காலத்திலேயே கேப்பாக மாறி அப்படியே நிற்கும் துப்பாக்கி, புதிதாகக் கல்லாக்கியதைவிட மேல். கல் வடிவத்துக்குக் கேட்கும் கூடுதல் விலையை, விசைத்தகட்டைக் கழற்றிப் பின்புறம் பார்க்க விற்பவர் சம்மதித்தால் மட்டும் கொடுங்கள்.