மெழுகு பூசலாம், பூசி மெழுகக் கூடாது: ஸ்கிட் பிளேட்டும் அடிப்பூச்சும், ஒன்றரை வருட அனுபவம்

அவசரமாகப் படிப்பவர்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 6 மி.மீ. அலுமினிய ஸ்கிட் பிளேட் (வண்டியின் வயிற்றைப் பாறையிலிருந்து காக்கும் கனத்த தகடு): வாங்கலாம், ஆனால் கூடவே வரும் போல்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். லனோலின் மெழுகுப் பூச்சு: தாராளமாக வாங்கலாம், பழைய சட்டை போட்டுக்கொண்டு அடியுங்கள். காய்ந்து கெட்டியாகும் கறுப்பு ரப்பர் பூச்சு: இன்னொரு முறை என் வண்டிக்கு அடியில் அதற்கு இடமில்லை.

இனி கதைக்கு வருகிறேன். வண்டி பத்து வயதான டீசல் ஃபோர்வீல் டிரைவ், தனிச் சேசிஸ் மேல் பாடி உட்காரும் பழைய கட்டமைப்பு. வறண்ட ஓடை ஒன்றில் இறங்கும்போது நான் செய்த தப்பு, முன்னால் ஒருவரை இறக்கி வழிகாட்டச் சொல்லாதது. இடது முன் சக்கரம் ஏறி நின்ற கல் உருண்டுவிட்டது. வண்டி அப்படியே வயிற்றில் உட்கார்ந்தது. சத்தம் பெரிதாக இல்லை, 'கிர்ர்' என்று ஒரு இழுவை, அப்புறம் ஒரு 'டொம்'. ஜாக்கி போட்டு, கல் அடுக்கி, பின்னாலேயே எடுத்து வெளியே வந்தோம். எண்ணெய் ஒழுகவில்லை, எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. தப்பித்தோம் என்று சந்தோஷமாக வீட்டுக்கு ஓட்டி வந்தேன். அந்தச் சந்தோஷத்துக்கு அர்த்தமே இல்லை என்பது மறுநாள் தெரிந்தது.

வண்டியோடு வந்த பாதுகாப்புத் தகடு மெல்லிய தகரம். சேறு தெறிக்காமல் தடுக்கும், அவ்வளவுதான். பாறை அதை மேலே தள்ளி, ஆயில் சம்ப்பின் (இன்ஜினுக்கு அடியில் இருக்கும் எண்ணெய்த் தொட்டி) அடியில் கட்டைவிரல் ஆழத்துக்கு ஒரு குழி போட்டிருந்தது. ஒழுகாத குழிதானே, விட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைத்தேன். மெக்கானிக் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. எண்ணெயை உறிஞ்சும் குழாயின் சல்லடை சம்ப்பின் தரைக்குச் சற்று மேலேதான் நிற்கும். குழி மேலே வந்தால் அந்த இடைவெளி அடைபடும். சமதளத்தில் ஒன்றும் தெரியாது, இன்ஜின் வேகமெடுக்கும்போது எண்ணெய் பற்றாமல் போகும். சம்ப்பைக் கழற்றிப் பார்த்தால், குழியின் உச்சியில் வட்டமாக ஒரு பளபளப்பு. சல்லடை வந்து உரசிய தடம். அதைப் பார்த்த பிறகு தட்டி நிமிர்த்தும் பேச்சையே எடுக்கவில்லை, புது சம்ப் போட்டோம்.

சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கும் கீழ்க் கன்ட்ரோல் ஆர்மில் ஒரு நெளிவு. அதையும் சூடுகாட்டி நிமிர்த்தாமல் மாற்றினோம், வீல் அலைன்மென்ட் பார்த்தோம். நசுங்கிய பிரேக் குழாய்க்குப் பதிலாகச் செம்பு-நிக்கல் குழாய். கையாலேயே வளையும், துருவும் பிடிக்காது. இவற்றில் சொல்ல வேறொன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது சேசிஸைப் பற்றித்தான். சில வருடங்களுக்கு முன் ஓரிடத்தில் அடிப்பாகம் முழுவதும் கறுப்பு ரப்பர் பூச்சு அடித்திருந்தேன். எங்கே என்று சொல்லப் போவதில்லை. பார்க்க அழகாக, புது வண்டி மாதிரி இருந்தது. பாறை சுரண்டிய இடத்தில் அந்தப் பூச்சின் ஓரம் கிளம்பியிருந்தது. பிடித்து இழுத்தேன். பாம்புச் சட்டை போல முழ நீளத்துக்கு உரிந்து வந்தது. அதன் உட்பக்கம் முழுக்கச் செம்பழுப்புத் துரு, இரும்பில் இருக்க வேண்டிய மேல்தோல் பூச்சோடு ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அடியில் ஈரம். வண்டி அப்போது நான்கு நாட்களாக வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

பூச்சு கெட்டியானது, கல் பட்டால் விரியும். விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே வர வழியில்லை. பழைய சேற்றையும் துருவையும் எடுக்காமல் அதன் மேலேயே அடித்திருந்தால் விரிசல்கூடத் தேவையில்லை. என் வண்டியில் இரண்டுமே நடந்திருந்தன. போதாக்குறைக்கு, சேசிஸ் கட்டையின் அடியில் தண்ணீர் வடிவதற்காக வைத்திருக்கும் ஓட்டைகளையும் அடைத்துவிட்டிருந்தார்கள். ஒரு கம்பியை விட்டுக் குத்தியதும் உள்ளேயிருந்து வண்டல் கலந்த தண்ணீர் ஒரு நிமிடம் ஒழுகியது. தமிழில் 'பூசி மெழுகுவது' என்று சொல்வோமே, அதை இரும்பில் செய்து பார்த்தால் இப்படித்தான் இருக்கும்.

ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் சேசிஸை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் 'டங்' என்று மணி போலக் கேட்கும், அரித்த இடத்தில் 'டொப்' என்று செத்த சத்தம். ஒரே இடத்தில் முனை உள்ளே இறங்கிவிட்டது. அங்கே நல்ல இரும்பு தெரியும் வரை வெட்டி, மூலைகளை வளைவாக வைத்த ஒட்டுத் தகடு போட்டு வெல்டிங். சேசிஸ் வெல்டிங் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள், பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்.

மற்ற இடங்களை நானே செய்தேன். கிரைண்டரில் கம்பி பிரஷ், கண்ணாடி, முகமூடி, இரண்டு நாள் மல்லாந்து படுத்து வேலை. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், சேசிஸுக்குக் கீழே ஸ்டாண்டு, சக்கரத்துக்குக் கட்டை, இரண்டும் வேண்டும். உதிரும் துரு முழுக்கப் போக வேண்டும். குழிகளில் இறுகி நிற்கும் துருவுக்கு டானிக் அமிலம் கலந்த துருமாற்றி. தடவிக் கொஞ்ச நேரத்தில் துரு நீலக் கறுப்பாக மாறுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பளபளவென்று இரும்பு தெரியும் இடங்களுக்கு அது பயன்படாது, அங்கே துத்தநாகம் நிறைந்த பிரைமர். இதை மாற்றிச் செய்பவர்கள் நிறையப் பேர். துத்தநாகம் இரும்பை நேரடியாகத் தொட்டால்தான் இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபடும், நடுவில் துரு இருந்தால் அது வெறும் சாம்பல் நிறப் பெயின்ட். மேலே சேசிஸ் பெயின்ட், அதற்கும் மேலே மெழுகு.

மெழுகு என்று சொல்வது லனோலின், செம்மறி ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. முழுதாகக் காயவே காயாது, பிசுபிசுவென்றே இருக்கும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. சுரண்டினால் ஓரத்திலிருந்து மெல்ல நகர்ந்து சிறு கீறலை மூடும், இடுக்குகளில் தானே ஊரும். எல்லாவற்றையும்விட, கண்ணாடி போல அடியில் இருப்பதைக் காட்டும். நல்ல வெயில் நாளில் டின்னை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, கம்ப்ரசர் கன்னால் அடித்தேன். சேசிஸ் கட்டைக்குள், நுனியில் நாலாபக்கமும் தெளிக்கும் நீள ஹோஸை ஓட்டை வழியாக விட்டு, இழுத்துக்கொண்டே அடிக்க வேண்டும். வடியும் ஓட்டையில் சொட்டு வரத் தொடங்கினால் போதும் என்று அர்த்தம். பிரேக் டிஸ்க், சைலன்சர் குழாய், பெல்ட், சென்சார் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு ஆரம்பியுங்கள். ரப்பர் புஷ்களையும் மூடினேன், கரைப்பான் கலந்த சில வகைகள் ரப்பரை உப்ப வைக்கும்.

குறைகளும் உண்டு. முதல் இரண்டு வாரம் நனைந்த ஆட்டுமந்தை வாசம். தூசி எல்லாம் வந்து ஒட்டும். சக்கர வளைவுக்குள் பிரஷர் தண்ணீர் அடித்தால் போய்விடும், வருடம் ஒருமுறை மறுபடி அடித்தே ஆக வேண்டும். மெக்கானிக் தம்பிக்கு வேறு குறை: "அண்ணே, உங்க வண்டிக்கு அடியில போனா அன்னைக்குத் தலைக்கு எண்ணெயே வெக்க வேண்டாம்."

இப்போது ஸ்கிட் பிளேட். இன்ஜின், கியர் பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) என்று மூன்று துண்டுகள். அலுமினியமா இரும்பா என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டேன். 6 மி.மீ. அலுமினியம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 16 கிலோ, 4 மி.மீ. இரும்பு சுமார் 31 கிலோ. முன் ஸ்பிரிங் ஏற்கெனவே தளர்ந்த வண்டி என்பதால் அலுமினியம் எடுத்தேன். பாறைமேல் இரும்பு வழுக்கிப் போகும், அலுமினியம் கடித்துக்கொள்ளும். இது எல்லாரும் சொல்வதுதான், உண்மையும்கூட. இரண்டு பயணம் முடிந்ததும் இன்ஜின் தகட்டில் விரல் பதியும் அளவுக்கு நீளக் கோடுகள், ஓரங்களில் கத்தி போல பிசிறு. அரம் போட்டுத் தேய்த்துவிடுகிறேன். பாறையே உங்கள் தினசரி வழி என்றால் இரும்பு வாங்குங்கள். எனக்குச் சேறும் கல்லும் பாதிப் பாதி, இது போதும். ஒருமுறை முழு எடையும் அதன் மேல் இறங்கியது. தகடு கொஞ்சம் வளைந்தது, சம்ப்பைத் தொடவில்லை.

போல்ட் விஷயத்துக்கு வருகிறேன். கூடவே கொடுத்தவை அறுகோணத் தலை போல்ட்டுகள், தகட்டுக்குக் கீழே தலை நீட்டிக்கொண்டு நின்றன. முதல் பயணத்திலேயே மூன்றின் தலையைப் பாறை மழித்துவிட்டது, சாக்கெட் பிடிக்கவில்லை. மழிந்த தலைமேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துக் கழற்ற வேண்டியதாயிற்று. இப்போது குழிவுக்குள் தலை அமரும்படி, தட்டையான தலை போல்ட்டுகள் போட்டிருக்கிறேன். இரண்டாவது குறை, அலுமினியத் தகட்டை இரும்பு பிராக்கெட்டில் நேரடியாக வைத்து முடுக்கச் சொல்கிறார்கள். நடுவில் சேற்றுத் தண்ணீர் நின்றால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். நடுவில் பிளாஸ்டிக் வாஷர் வைத்து, மரையில் ஆன்டி-சீஸ் (மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் தடுக்கும் பசை) தடவினேன். அது தடவினால் போல்ட் சுலபமாகச் சுற்றும், வழக்கமான டார்க்கை (முடுக்கும் விசையை) அப்படியே கொடுத்தால் கூடுதலாக முடுகிவிடும், கொஞ்சம் குறைக்க வேண்டும்.

எண்ணெய் வடிக்கத் தகட்டில் ஓட்டை இருக்கிறது. ஃபில்டருக்கு இல்லை. ஒவ்வொரு சர்வீஸுக்கும் முன் தகட்டைக் கழற்ற வேண்டும், இருபது நிமிடம். முதலில் சலித்துக்கொண்டேன், இப்போது அந்தச் சலிப்பு இல்லை. முதல் முறை கழற்றியபோது தகட்டின் மேல் ஒரு வாளிச் சேறு பிசைந்து வைத்தது போல இருந்தது. அதைவிடப் பயமுறுத்தியது, சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் சொருகியிருந்த ஒரு கை காய்ந்த புல், அதன் நுனி கருகியிருந்தது. என் வண்டியில் டிபிஎஃப் (டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் வடிகட்டி) கிடையாது. உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள், அது கரியை எரித்துச் சுத்தம் செய்யும் நேரத்தில் உள்ளே 550 டிகிரிக்கு மேல் போகும். கோரைப்புல் காட்டில் ஓட்டிவிட்டு வந்தால் அன்றைக்கே குனிந்து பாருங்கள்.

போன மழைக்காலத்தில் பின்பக்கச் சேசிஸில் ஒரு கல் சுரண்டி, மெழுகையும் பெயின்ட்டையும் சேர்த்துக் கொண்டுபோனது. மூன்று வாரம் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தபோது அந்த இடத்தில் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் மெல்லிய படலம். துடைத்து, தேய்த்து, பிரைமர் தொட்டு, காய்ந்தபின் மெழுகு அடித்தேன். கை வேலை பத்து நிமிடம்கூட இல்லை.

அடுத்த ஞாயிறு கியர் பாக்ஸ் தகட்டைக் கழற்ற வேண்டும். அதன் பின் வரிசையில் இரண்டு போல்ட்டுகள் மட்டும் இன்னும் பெட்டியோடு வந்தவை, சோம்பலில் மாற்றாமல் விட்டது. வெல்டிங் மெஷினைத் தயாராக வைத்துக்கொண்டுதான் அடியில் போகப்போகிறேன்.