ஜார்ஜ்டவுனில் இரத்தக்குழாய்ப் பரிசோதனை: மைக்ரோஆர்என்ஏ அறிக்கைக்குக் கூடுதல் பணம் தரலாமா?

பினாங்கு ஜார்ஜ்டவுனில் உள்ள ஒரு தனியார் பரிசோதனை மையத்தில் இதய, இரத்தக்குழாய்ப் பரிசோதனைத் தொகுப்பை அண்மையில் செய்துகொண்டேன். அடிப்படைத் தொகுப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிறிது நேரம் அமர வைத்த பிறகே இரு கைகளிலும் இரத்த அழுத்தம் பார்த்தார்கள்; கொலஸ்ட்ரால், இனிப்பு நீர், சிறுநீரக முடிவுகளை மருத்துவர் தமிழிலேயே பொறுமையாக விளக்கினார். ஆனால், கூடுதல் கட்டணத்தில் அவர்கள் பரிந்துரைத்த மைக்ரோஆர்என்ஏ (மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும் நுண்ணிய ஆர்என்ஏ இழை) பரிசோதனையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதன் பின்னுள்ள அறிவியல் உறுதியானது. சுமார் 22 மரபு எழுத்துகள் நீளமே கொண்ட இந்த ஆர்என்ஏ இழைகள் புரதம் எதையும் உருவாக்குவதில்லை. புரதத்துக்கான செய்தியைச் சுமந்து செல்லும் தூது ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொண்டு அதை அடக்கிவிடுகின்றன. விக்டர் ஆம்புரோஸும் கேரி ரவ்குனும் 1993இல் ஒரு சிறு புழுவில் கண்டறிந்த இதற்குத்தான் 2024இன் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இரத்தக்குழாயின் உட்சுவர் உயிரணுக்களில் மிகுந்திருக்கும் மிர்-126 என்ற மைக்ரோஆர்என்ஏ, புதிய குழாய்கள் வளரவும் காயம்பட்ட சுவர் சீராகவும் துணைநிற்கிறது. மிர்-143, மிர்-145 இரண்டும் சுவரின் தசை உயிரணுக்கள் சுருங்கி விரியும் இயல்பை இழந்துவிடாமல் காக்கின்றன. மிர்-33 ஆனது ஏபிசிஏ1 என்னும் புரதத்தை அடக்குவதால், உயிரணுவிலிருந்து கொலஸ்ட்ரால் வெளியேறுவது குறைகிறது. இனிப்பு நீர் உள்ளவர்களின் பிளாஸ்மாவில் (இரத்தத்தின் நீர்ப்பகுதியில்) மிர்-126 குறைந்திருப்பதை 2010இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆய்வுக்கூடத்தில் உண்மையாக இருப்பது ஒரு தனி மனிதரின் அறிக்கையிலும் அப்படியே பொருந்திவிடாது. என்னிடம் எடுத்த இரத்தம், ஊதா மூடியிட்ட குழாயில், நான் காத்திருந்த நேரமெல்லாம் முகப்பு மேசையின் தட்டிலேயே கிடந்தது. பிளாஸ்மாவில் அளக்கப்படும் மிர்-126இல் கணிசமான பங்கு, இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகளிலிருந்து வருவதால், இரத்தத்தை எவ்வளவு விரைவாகச் சுழற்றிப் பிரிக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே எண் ஏறி இறங்கும். பிளேட்லெட்டுகளின் செயலைத் தடுக்கும் ஆஸ்பிரினை உண்பவருக்கும் அது மாறக்கூடும். சிவப்பணுக்கள் சிறிது உடைந்தாலே மிர்-451, மிர்-16 ஆகியவை பிளாஸ்மாவில் கூடிவிடும். நான் ஆஸ்பிரின் உண்கிறேனா என்று ஒருவரும் கேட்கவில்லை.

வந்த அறிக்கையில் "இரத்தக்குழாய் வயது" என்று ஒரே ஓர் எண் இருந்தது. எந்த மைக்ரோஆர்என்ஏக்களை அளந்தார்கள், எதனோடு ஒப்பிட்டார்கள், இயல்பான அளவு எது என எதுவும் இல்லை. கேட்டபோது, "ஐயா, ஆய்வகம் அனுப்புவது இவ்வளவுதான்" என்றார் பணியாளர். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால், மருந்தைத் தொடங்கவோ நிறுத்தவோ உதவாத ஓர் எண்ணைக் காட்டி நோயாளியை அச்சுறுத்துவது முறையன்று.

அடிப்படைத் தொகுப்பைத் தயங்காமல் செய்துகொள்ளலாம். கூடுதல் பரிசோதனையை இப்போதைக்குத் தவிர்த்துவிடுங்கள். அரசின் ரொக்க உதவி பெறும் குடும்பங்களில் 40 வயதை எட்டியவர்களுக்குப் பெக்கா பி40 திட்டத்தின்கீழ் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் பரிசோதனைகள், அத்திட்டத்தில் பதிந்த கிளினிக்குகளில் இலவசமாகவே கிடைக்கின்றன.