ஃபிரிட்ஜ் மேல் ஒரு ரெண்டு குயர் நோட்டு

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் மேல், சாவிக் கூடைக்குப் பக்கத்தில், ஒரு லாங் சைஸ் நோட்டு எப்போதும் கிடக்கும். கோடு போட்டது, ரெண்டு குயர், 192 பக்கம். விலை நூறு ரூபாய்க்குள். ஒரு டாட் பேனாவை நூலில் கட்டி அதோடு தொங்கவிட்டிருக்கிறேன். இல்லாவிட்டால் பேனா என் மகளின் பள்ளிக்கூடப் பைக்குப் போய்விடும். 2013 ஜனவரியில் "இந்த வருஷமாவது எழுதி வைத்து வேலை பார்ப்போம்" என்று ஆரம்பித்து, எங்கெங்கோ சுற்றிவிட்டுக் கடைசியில் இந்த நோட்டில் வந்து நின்றேன். சுற்றியதில் காசும் போனது, கொஞ்சம் புத்தியும் வந்தது.

முதல் மூன்று வருஷம் ஓசி டைரி. டிசம்பர் கடைசியில் அலுவலகத்தில் வந்து குவியுமே, ரெக்சின் அட்டையும் பொன்னெழுத்தும் போட்டு, அதில் ஒன்று. நம் ஊரில் அச்சடித்த டைரிக்கு ஒரு வசதி உண்டு. தேதிக்குக் கீழேயே தமிழ் மாதம், அமாவாசை, ராகு காலம், எமகண்டம் எல்லாம் இருக்கும். வாரம் ஒரு கல்யாணம், காதுகுத்து என்று போகிற குடும்பத்துக்கு அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் நான் வாங்கிய டைரிகளில் எல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்கு அரைப் பக்கம்தான். திங்கள் முதல் வெள்ளி வரை அலுவலகம் போகிறவளுக்கு வீட்டு வேலை மொத்தமும் விழுவது ஞாயிறு அன்றுதானே? மாவு அரைப்பதில் இருந்து யூனிஃபார்ம் இஸ்திரி வரை அந்த அரைப் பக்கத்துக்குள் அடங்காமல் ஓரத்தில் ஏறி, திங்கள் பக்கத்துக்குள் வழியும். அந்த டைரியைத் திட்டமிட்ட ஆள் ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுத் தூங்குகிற ஆளாக இருக்க வேண்டும்.

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தில், தாம்பரம் பக்கத்து முடிச்சூரில் எங்கள் தெருவும் மூழ்கியது. தரைத்தளம், இடுப்பளவு தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த மூன்று டைரிகளும் ஊறிப்போயின. ஒரு வாரம் கழித்து மொட்டை மாடியில் காய வைத்துப் பிரித்தால், 2013ம் 2015ம் பக்கம் பக்கமாக ஒட்டியிருந்தாலும் எழுத்து அப்படியே இருந்தது. 2014 முழுக்க நீலம். அந்த வருஷம்தான் ஆசைப்பட்டு மை பேனாவில் எழுதியிருந்தேன். டாட் பேனாவின் மை எண்ணெய்ப் பசை உள்ளது, தண்ணீரில் கரையாது. இங்க் பேனாவில் நாம் ஊற்றும் சாதாரண நீல மை கரைந்துவிடும். பள்ளியிலேயே தெரிந்த விஷயம்தான். ஒரு வருஷத்துக் கணக்கு போன பிறகுதான் உறைத்தது. அன்று முதல் வீட்டு நோட்டில் மை பேனா தொடுவதில்லை.

அதற்கடுத்து புல்லட் ஜர்னல். நியூயார்க்கைச் சேர்ந்த ரைடர் கேரல் என்ற வடிவமைப்பாளர் 2013இல் இணையத்தில் பகிர்ந்துகொண்ட முறை. வெறும் நோட்டு, நாமே பக்க எண் போட்டு, முதல் பக்கங்களில் பொருளடக்கம் எழுத வேண்டும். செய்ய வேண்டிய வேலைக்குப் புள்ளி, முடிந்தால் அதன் மேல் பெருக்கல் குறி, முடியாமல் அடுத்த மாதத்துக்குப் போனால் அம்புக்குறி. இவ்வளவுதான். ஆனால் நான் பார்த்த வீடியோக்களில் இதைச் செய்தவர்கள் பக்கத்துக்குப் பக்கம் வாட்டர்கலர் பூ வரைந்தார்கள், நிறநிறமாக டேப் ஒட்டினார்கள். நானும் புள்ளி போட்ட நோட்டு, எட்டு நிறப் பேனா என்று வாங்கினேன். பிப்ரவரி மாதத் தலைப்பு வரைய இரண்டு மணி நேரம் ஆனது. அன்று கேஸ் புக் பண்ண மறந்தேன்.

கேரல் பூ வரையச் சொல்லவே இல்லை என்பது அவர் எழுதியதைப் படித்த பிறகுதான் தெரிந்தது. அவர் வலியுறுத்துவது வேறு: முடியாத வேலையை அடுத்த மாதத்துக்கு மறுபடி கையால் எழுது. இதுதான் இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல பாடம். போனில் முடியாத வேலை தானாக அடுத்த நாளுக்கு நகரும். நமக்கு வலிக்காது, நூற்றி இருபது வேலை சேர்ந்த பிறகு ஆப்பையே திறக்க மாட்டோம். நோட்டில் அப்படி இல்லை. "மிக்சி ஜார் பிளேடு மாற்ற" என்று நான்காவது வாரமாக எழுதும்போது கைக்கே எரிச்சல் வரும். ஒன்று, அன்றைக்கே ஜாரைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போவோம். இல்லாவிட்டால் அந்த ஜார் இல்லாமலே நான்கு வாரம் சட்னி அரைத்திருக்கிறோமே, எதற்கு என்று அடித்துவிடுவோம். நான் அடித்துவிட்டேன்.

2018இல் ஜப்பானில் வேலை பார்க்கும் தம்பி ஒரு டைரி கொண்டுவந்து கொடுத்தான். நாளுக்கு ஒரு பக்கம், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, எங்கே திறந்தாலும் தட்டையாக விரியும் தையல் கட்டு. தாள் 52 ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 52 கிராம். நம் நோட்டுத் தாளைவிட மெல்லியது, மை பேனாவில் எழுதினாலும் பின்பக்கம் ஊறாது. தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அதுதான் சிக்கலும். அந்தத் தாளில் "வெங்காயம் 2 கிலோ" என்று எழுத மனசு வரவில்லை. நல்ல வாக்கியம் வரட்டும் என்று காத்திருந்தேன். ஜப்பானிய விடுமுறை எல்லாம் அச்சாகியிருந்தது, பொங்கலும் தீபாவளியும் நானே எழுதிக்கொண்டேன், அது பெரிய குறை இல்லை. ஏப்ரலோடு நின்றுபோனது. இன்றும் பீரோவில் பட்டுச் சேலைக்கு நடுவில் இருக்கிறது.

விலை ஏற ஏற எழுதுவது குறைகிறது. என் கதையில் இது தெளிவு. மற்றவர்களுக்கு மாறலாம்; காசு போட்டால்தான் ஜிம்முக்குப் போவேன் என்கிற ரகமும் உண்டே.

2019 முதல் டிசம்பரில் ஒரு நாள் தாம்பரத்தில் ரயில் ஏறி, பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போய்விடுவேன். தாள், அட்டை, கல்யாணப் பத்திரிகை என்று கடை கடையாக இருக்கும் தெரு. இரண்டு நோட்டு வாங்குவேன், ஒன்று உபரி. வீட்டுக்கு வந்து நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு வைத்தால் வருஷம் தயார். எங்கள் அப்பா மளிகைக் கணக்குக்கு அப்படித்தான் செய்வார்.

பக்கக் கணக்கு இப்படி. விரித்தால் தெரியும் இரண்டு பக்கமும் ஒரு வாரம். இடப்பக்கம் ஏழு நாளுக்கு ஏழு கட்டம், ஞாயிறுக்கு இரண்டு மடங்கு இடம். வலப்பக்கம் எந்த நாள் என்று முடிவாகாத வேலைகள். 52 வாரத்துக்கு 104 பக்கம் போக மீதி 88. தேதி அச்சடிக்காத நோட்டு என்பதால் ஒரு வாரம் எழுதாவிட்டாலும் வெற்றுப் பக்கம் நம்மை முறைக்காது. 2020 மார்ச் கடைசியில் வீட்டுக்குள் அடைந்தபோது மூன்று வாரம் ஒன்றும் எழுதவில்லை, பிறகு அடுத்த பக்கத்திலேயே தொடர்ந்தேன்.

அந்த 88 பக்கம்தான் இந்த நோட்டின் உயிர். பின்னட்டையில் இருந்து தலைகீழாகத் தொடங்கும். சிலிண்டர் மாற்றிய தேதி. மொய், ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும் முன் பழைய நோட்டைப் புரட்டி, அவர்கள் நமக்கு என்ன செய்தார்கள் என்று பார்க்காமல் கவரில் பணம் வைப்பதில்லை. மாமாவின் சர்க்கரை அளவு, வெறும் வயிற்றில் ஒன்று, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று. டாக்டர் போனை வாங்கி ஸ்க்ரோல் பண்ண மாட்டார். நோட்டை நீட்டினால் ஒரே பார்வையில் மூன்று மாதத்தையும் பார்த்துவிடுகிறார்.

நேரடி லாபம் கொடுத்தது ஈபி ரீடிங். இரண்டு மாதத்துக்கு ஒரு பில். 500 யூனிட் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் அதிகம் கட்டுவதாகப் பலர் நினைக்கிறார்கள். ஸ்லாபே மாறி, 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கும் ரேட் ஏறிவிடும். ஞாயிறுதோறும் காலையில் மீட்டரைப் பார்த்து எழுதுகிறேன். வாரத்துக்கு 56க்குள் இருந்தால் தப்பித்தோம். மே மாதத்தில் ஆறாவது வாரம் 380 என்று எழுதிய அன்று வீட்டில் ஏசி ரிமோட் என் கைக்கு வந்துவிடும்.

குறை இல்லாமல் இல்லை. நோட்டு அலாரம் அடிக்காது. 2023 தீபாவளிக்கு நவம்பர் 10 அன்று ஊருக்குப் போக, பயணத்துக்கு 120 நாள் முன்பு என்ற அப்போதைய ரயில்வே கணக்குப்படி ஜூலை 13 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும் என்று சரியாகக் கணக்குப் போட்டு எழுதியிருந்தேன். அன்று காலை நோட்டைத் திறக்கவில்லை. இரவு திறந்தேன். அந்தத் தீபாவளிக்கு பஸ்ஸில்தான் போனோம். இப்போது நேரம் குறித்த எதுவும் போனில், நேரம் குறிக்காதது எல்லாம் நோட்டில். 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாளாக மாறியபோது, பின்பக்கத்தில் போட்டு வைத்திருந்த அட்டவணை வீணானது வேறு.

கையில் எடுத்துப் போகவும் முடியாது. பைக்குள் ஒரு சின்ன பாக்கெட் நோட்டு வைத்து, இரவு அதில் இருப்பதை இதில் ஏற்றுகிறேன். ஏற்ற மறந்த நாட்கள் உண்டு. தேடுவது இன்னும் கொடுமை. வாஷிங் மெஷின் எந்த வருஷம் சர்வீஸ் செய்தோம் என்று கண்டுபிடிக்க மூன்று நோட்டைப் புரட்டினேன், நடுவில் பழைய செலவுகளைப் படித்துக்கொண்டே உட்கார்ந்து குழம்பு அடிபிடித்தது.

எதிர்பார்க்காத ஒன்று: நோட்டு இப்போது எனக்கு மட்டும் உரியது இல்லை. போனில் எழுதியவரை வீட்டு வேலை என் தலைக்குள் இருந்தது. ஃபிரிட்ஜ் மேல் வந்த பிறகு அத்தை வந்து "உளுந்து தீர்ந்துவிட்டது" என்று எழுதுகிறார். வீட்டுக்காரர் கேட்காமலே ஒரு வரியை அடிக்கிறார், அதாவது அந்த வேலையைச் செய்திருக்கிறார். மகள் புதன் இரவு பத்து மணிக்கு "நாளைக்கு சார்ட் பேப்பர்" என்று எழுதிவிட்டுத் தூங்கப் போகிறாள், அதற்கு நோட்டு என்ன செய்யும்.

போன மாதம் பழைய நோட்டுகளை அடுக்கும்போது 2017இன் ஓரம் முழுக்க இராமபாணப் பூச்சி அரித்திருந்தது. அலமாரியில் வசம்பு போட்டால் வராது என்று அத்தை சொன்னார். எழுதிவிட்டேன். வலப்பக்கத்தில், இது மூன்றாவது வாரம்.