சம்பளத்தில் இருக்கும் வக்கீல் மலையில் எங்கே உதவலாம்?

கம்பெனியின் சட்டப் பிரிவில் இருப்பவரும் அரசு வக்கீலும் கேரளத்தின் இடுக்கி மலையில் மூணாறு, பீருமேட்டுத் தேயிலைத் தோட்டத் தமிழர்களுக்கு ஃபீஸ் வாங்காமல் உதவ முன்வந்தால், இருவரையும் ஒரே கதவுக்கு அனுப்பக் கூடாது. ஒருவருக்குத் திறக்கும் கதவு மற்றவருக்குத் திறக்காது.

பலரும் முதலில் சொல்வது ‘நியாய பந்து’. மத்திய சட்ட அமைச்சகத்தின் நீதித் துறை 2017இல் தொடங்கிய இலவச வக்கீல் திட்டம். பதிவு செய்துகொண்ட வக்கீலிடம் ஏழை மனுதாரரைச் சேர்த்துவிடுகிறது. ஆனால் முழுநேரச் சம்பளத்தில் இருப்பவர் வக்கீல் தொழில் செய்யக் கூடாது என்கிறது வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சிலின் 49ஆவது விதி. சன்னதை, அதாவது வக்கீல் தொழில் செய்யும் உரிமத்தை, நிறுத்தி வைத்துவிட்டுக் கம்பெனிக்குப் போனவருக்கு இங்கே வேலையில்லை. அரசுக்காக வாதாடும் அரசு பிளீடர்கள், பப்ளிக் பிராசிக்யூட்டர்கள் விஷயம் வேறு. அவர்கள் வக்கீல்களாகவே நீடிக்கிறார்கள் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொல்லிவிட்டது. ஆனால் மலையில் எதிர்த்தரப்பு பெரும்பாலும் அரசுதான். பட்டாவா, வருவாய்த் துறை. 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடி மண்சரிவில் வீட்டையும் உறவையும் இழந்தவர்களின் மறுவாழ்வா, அதுவும் அரசு. அரசின் வக்கீல் அரசை எதிர்த்து எப்படி நிற்பார்? குடும்பத் தகராறு, கடன் பாக்கி என்று மீதமுள்ளதைத்தான் எடுக்கலாம்.

அதனால் அரசு வக்கீலுக்கு நான் இலவசச் சட்ட உதவி தரும் தாலுகா சட்டப்பணிகள் குழுவையே சொல்வேன். லோக் அதாலத் எனும் சமரச மக்கள் நீதிமன்ற அமர்வில் நீதித்துறை அதிகாரியோடு ஒரு வக்கீலும் உட்காரலாம். அங்கே சமரசமாக முடிந்தால் மேல்முறையீடு இல்லை, கட்டிய கோர்ட் ஃபீஸும் திரும்பி வரும். இடுக்கியின் மாவட்ட நீதிமன்றம் தொடுபுழை அருகே முட்டத்தில் இருக்கிறது. மூணாறிலிருந்து போய் வந்தால் ஒரு நாள் கூலி போச்சு. வழக்கு தாலுகாவிலேயே தீர்வது அவர்களுக்குச் சின்ன விஷயமல்ல.

கம்பெனி வக்கீலுக்கு என்ன மிச்சம்? என் கணக்கில், எல்லாவற்றையும்விடத் தேவையான வேலை அவருக்குத்தான் இருக்கிறது: காகிதம். எஸ்டேட் பதிவேட்டில் மாரியம்மா, ஆதாரில் மாரியம்மாள், வங்கிப் புத்தகத்தில் இனிஷியலோடு எம். மாரியம்மாள். மூன்றும் ஒரே பெண்தான் என்று நிரூபிக்கும்வரை பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பணம் நகராது. தோட்டமே மூடிக் கிடந்தால், திருத்தப் படிவத்தில் முதலாளி கையெழுத்துப் போடும் இடம் காலி. அப்போது கெசட்டட் அதிகாரி, போஸ்ட்மாஸ்டர், பஞ்சாயத்துத் தலைவர் போன்றோரின் சான்றொப்பத்தைப் பிடிக்க வேண்டும். கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடையும் அப்படித்தான்: ஆண்டுக்குப் பதினைந்து நாள் கூலி என்று கணக்குப் போட்டு எழுதிக் கொடுத்தால், மனுவைத் தொழிலாளியே நேரில் கொடுத்துக்கொள்வார். இந்தக் கணக்கை மறுபக்கமிருந்து தினமும் பார்ப்பவர் கம்பெனி வக்கீல். எந்தக் காகிதம் இல்லையென்றால் மனு திரும்பி வரும் என்பது கோர்ட் வக்கீலைவிட அவருக்குத் தெளிவாகத் தெரியும்.

மொழி பற்றி ஒன்று. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதி அலுவலகங்களுக்குத் தமிழிலேயே மனு எழுதலாம். இது தெரியாமல் மலையாளத்தில் எழுதித் தர ஆள் தேடி அலைகிறவர்கள் உண்டு. மனுவின் தலைப்பிலேயே இந்தச் சட்டத்தைக் குறிப்பிட்டுவிடுவது நல்லது.

ஆந்திர எல்லையில் நிலைமை தலைகீழ். செம்மரம் வெட்டிக் கடத்தியதாகப் போட்ட வழக்குகளில் திருப்பதி, கடப்பைப் பக்கம் சிறையில் இருக்கும் தமிழர்களுக்கு முதலில் வேண்டியது ஜாமீன். அதற்குத் தெலுங்குக் குற்றப்பத்திரிகையைப் படிக்கத் தெரிந்த, சன்னது உயிரோடுள்ள வக்கீல் வேண்டும். கம்பெனி வக்கீல் அங்கே மொழிபெயர்ப்புக்குக் கை கொடுக்கலாம், அவ்வளவே.

எங்கே போனாலும், உங்கள் கம்பெனியோ அதன் தாய் நிறுவனமோ தேயிலைத் தோட்டத்தில் பங்கு வைத்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். இருந்தால், தொழிலாளி தன் கதையைச் சொல்லத் தொடங்கும் முன்பே எழுந்துவிடுங்கள். கேட்டுவிட்டு விலகுவது அவருக்குச் செய்யும் துரோகம்.