பாக்கெட் கத்தி: கைப்பையிலா, செக்-இன் பெட்டியிலா?

டொராண்டோவிலிருந்து பிராங்பர்ட் வழியாகச் சென்னை போய்த் திரும்பும் பயணம் என்று வைத்துக்கொள்வோம். சாவிக்கொத்தில் விக்டோரிநாக்ஸ் கிளாசிக் என்ற சின்ன சுவிஸ் கத்தி ஒன்று. போகும்போது பெரும்பாலும் சிக்கல் வராது. கனடா 2017 நவம்பர் முதல் 6 செ.மீ. வரையுள்ள கத்தி அலகைக் கேபினுக்குள் விடுகிறது (அமெரிக்கா செல்லும் விமானங்கள் தவிர). ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதே 6 செ.மீ. திரும்பும்போதுதான் சென்னையில் கத்தி பறிபோகும். இந்தியாவில் கைப்பையில் பாக்கெட் கத்திக்கு இடமில்லை. புறப்படும் ஊரின் விதியை மட்டும் படித்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் இப்படித்தான் கத்தியை இழக்கிறார்கள். பை எத்தனை இடத்தில் ஸ்கேனருக்குள் போகிறதோ, அத்தனை இடத்து விதியும் பொருந்தும்.

சின்னக் கத்தியைக் கைப்பையில் கொண்டுபோக நினைத்தால் முதலில் அளவுகோலை எடுங்கள். கைப்பிடி முடியும் விளிம்பிலிருந்து அலகின் நுனி வரை அளக்க வேண்டும். கூர் இருக்கும் பகுதியை மட்டும் அளந்து மனதைத் தேற்றிக்கொள்ளக் கூடாது. மடித்தால் 58 மி.மீ. நீளமுள்ள கிளாசிக்கின் அலகு 4 செ.மீ.க்குள் அடங்கும். பலரும் வைத்திருக்கும் 91 மி.மீ. சுவிஸ் கத்தியின் அலகு 6 செ.மீ.யைத் தாண்டிவிடும். அமெரிக்காவில் இந்தக் கணக்கே செல்லாது, பாக்கெட் கத்தி எந்த அளவானாலும் கைப்பையில் கூடாது. அந்நாட்டு விமானப் பாதுகாப்புத் துறையினர் 2013 மார்ச்சில் சிறு கத்திகளை அனுமதிப்பதாக அறிவித்து, விமானப் பணியாளர்களின் கடும் எதிர்ப்புக்குப் பின் ஜூனில் கைவிட்டார்கள்.

அலகே இல்லாத மல்டி-டூல் (பல கருவிகள் ஒன்றாக மடங்கியது) அடுத்த வழி. விக்டோரிநாக்ஸின் ஜெட்செட்டர் மாதிரி கத்திரிக்கோல், பாட்டில் திறப்பான் போன்றவை மட்டும் உள்ளவை அமெரிக்காவிலும் போகும். அங்கே 7 அங்குலம் வரையுள்ள கைக்கருவிகளும், திருகாணியிலிருந்து நுனிவரை 4 அங்குலத்துக்குக் குறைவான கத்திரிக்கோலும் கைப்பையில் போகலாம். ஐரோப்பாவில் ஸ்க்ரூடிரைவரின் தண்டு 6 செ.மீ.யைத் தாண்டக் கூடாது. ஆக, 15 செ.மீ. நீள ஸ்க்ரூடிரைவர் நியூயார்க்கில் தப்பித்து பிராங்பர்ட்டில் மாட்டலாம், 3 செ.மீ. கத்தி அதற்கு நேர்மாறு. இந்திய விமான நிலையங்களில் பிளையர், ஸ்க்ரூடிரைவர் இரண்டையுமே வெளியே எடுக்கச் சொல்வது வழக்கம்.

எங்கள் தேர்வு செக்-இன் பெட்டிதான், ஒழுங்காகக் கட்டினால். உறையில்லாத கத்திக்கு அட்டையை இரண்டாக மடித்துச் செருகி டேப் சுற்றுங்கள். பெட்டியைச் சோதிக்க உள்ளே கையை விடுகிறவரின் விரல் வெட்டுப்படக் கூடாது. கருவிகளை ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, பெட்டியைத் திறந்ததும் கண்ணில் படும்படி வையுங்கள். வெளி ஜிப் பையில் மட்டும் வேண்டாம், திருட்டுக்கு அதுதான் வசதி.

கார்ட்லெஸ் டிரில் கொண்டுபோகிறவர்கள் சறுக்குவது பேட்டரியில். டிரில்லும் பிட்டும் செக்-இன்னில். உபரி லித்தியம் பேட்டரி கட்டாயம் கைப்பையில், முனைகளை டேப்பால் மூடி. வோல்ட்டையும் ஆம்பியர்-மணியையும் பெருக்குங்கள்: 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்றால் 90 வாட்-மணி, தடையில்லை. அதே 18 வோல்ட்டில் 6 என்றால் 108. நூறைத் தாண்டியதால் விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதுவும் இரண்டுதான். 160க்கு மேல் பயணிகள் விமானத்தில் கூடவே கூடாது. கேபின் நிறைந்து கைப்பையை விமானம் ஏறும் கேட்டில் வாங்கிக்கொண்டால் பேட்டரியை மறக்காமல் எடுத்துவிடுங்கள். டபிள்யூடி-40 ஸ்ப்ரேயோ கேஸ் டார்ச்சின் எரிவாயுவோ இரண்டு பையிலுமே ஆகாது.

விமானத்தில் வந்து சேர்ந்தது சட்டைப்பையில் இருக்கலாம் என்று பொருளில்லை. லண்டன் தெருவில் மடங்கும், பூட்டிக்கொள்ளாத, 3 அங்குலம் வரையுள்ள கத்திக்கு மட்டுமே காரணம் சொல்லத் தேவையில்லை. லெதர்மேன் வேவ் என்ற மல்டி-டூலின் அலகு பூட்டிக்கொள்ளும் வகை. தக்க காரணமின்றி வைத்திருந்தால் குற்றம்.

செக்-இன் பெட்டியே இல்லாத மலிவு டிக்கெட்டா? போகிற ஊரில் ஒரு சாதாரணக் கத்தி வாங்கி, கிளம்பும்போது யாருக்காவது கொடுத்துவிடலாம்.

சோதனையில் பிடிபட்டால் வாதம் பலிக்காது. புறப்படும் ஊர் என்றால் செக்-இன் கவுன்டருக்குத் திரும்பிப் பெட்டியில் போடவோ, வழியனுப்ப வந்தவர் கையில் கொடுக்கவோ நேரம் கேளுங்கள். வழியனுப்ப வந்தவர்களை நீங்கள் உள்ளே போகும்வரை காத்திருக்கச் சொல்வது அதற்குத்தான். டிரான்சிட்டில் இந்த இரண்டுமே கைகொடுக்காது; கத்தியை அங்கேயே விட்டுவிட்டு விமானத்தைப் பிடிக்க வேண்டியதுதான்.