‘கிட்னி நார்மல்’ என்று ரிப்போர்ட் வந்தாலும், சர்க்கரை உள்ளவர்கள் இதைப் பார்த்துவிடுங்கள்

அம்மாவுக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை. ‘சர்க்கரை நோயாளிகளுக்கான முழு சிறுநீரகப் பரிசோதனை’ என்று விளம்பரம் செய்யும் ஒரு நிலையத்தில்தான் வருடா வருடம் பார்த்துவந்தோம். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் சிறுநீரகப் படம், அதன் பக்கத்தில் பச்சை டிக், கீழே ‘நார்மல்’. அந்தப் பேருக்கும் அந்த டிக்குக்கும்தான் பணம் கொடுத்திருக்கிறோம் என்பது இப்போதுதான் தெரிந்தது.

கண் டாக்டர் அம்மாவின் விழித்திரையில் சின்னச் சின்ன ரத்தக்கசிவுகளைப் பார்த்துவிட்டு, “யூரின் ஏ.சி.ஆர். பார்த்தீங்களா?” என்று கேட்டார். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு கசிகிறது என்பதை, கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளோடு ஒப்பிட்டுச் சொல்லும் டெஸ்ட் அது. கண்ணில் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெட்டிருந்தால் சிறுநீரகத்திலும் அதே பாதிப்பு இருக்கலாமாம். பழைய ரிப்போர்ட்டுகளை எல்லாம் புரட்டினோம். யூரியா, கிரியாட்டினின், யூரிக் ஆசிட், ஸ்ட்ரிப் வைத்துப் பார்த்த சாதாரண யூரின் டெஸ்ட், அவ்வளவுதான். ஏ.சி.ஆர். ஒரு வருடம்கூட இல்லை. வேறு லேபில் கொடுத்துப் பார்த்தால் 180. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டிய அல்புமின் இது.

அந்த நிலையத்துக்குப் போன் செய்தேன். “அது இந்த பேக்கேஜ்ல வராதுங்க, தனியா கேட்டா எடுப்போம்” என்றார்கள். முழுப் பரிசோதனை என்றுதானே போட்டிருக்கிறீர்கள் என்றேன். “கிரியாட்டினின் நார்மல்தானே, எதுக்குப் பயப்படுறீங்க?” என்று திருப்பிக் கேட்டார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது இந்தப் பதிலில்தான்.

சர்க்கரையால் சிறுநீரகம் கெடத் தொடங்கும் காலத்தில் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறாது. வேலைத்திறனில் ஏறக்குறைய பாதி போன பிறகுதான் பலருக்கு அது எல்லையைத் தாண்டும். சொல்லப்போனால் ஆரம்பத்தில் நிலைமை தலைகீழ். வடிகட்டிய நீரில் மிதமிஞ்சி வரும் சர்க்கரையைச் சிறுநீரகக் குழாய்கள் உப்போடு சேர்த்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. அதனால் குழாயின் பிற்பகுதிக்குப் போய்ச்சேரும் உப்பு குறைகிறது. வடிகட்டல் போதவில்லை என்று சிறுநீரகம் தவறாக எடுத்துக்கொண்டு, உள்ளே வரும் ரத்தக்குழாயை விரித்துவிடுகிறது. குளோமெருலஸ் என்ற நுண்வடிகட்டியில் அழுத்தம் கூடி, அது அளவுக்கு மீறி உழைக்கிறது. இந்தக் கட்டத்தில், சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தைக் காட்டும் ஈ.ஜி.எஃப்.ஆர். எண் பார்க்கப் பிரமாதமாகக்கூட இருக்கும்! உள்ளே வடிகட்டியின் சுவர் தடித்துப் பழுதாகி, அல்புமின் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய ஆரம்பித்திருக்கும். வலி இருக்காது, வீக்கம் இருக்காது. கசிவு குறைவாக இருக்கும்வரை ஸ்ட்ரிப்பிலும் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே வரும்.

ஏ.சி.ஆர். 30-லிருந்து 300 வரையிலான இந்தக் கட்டத்தில்தான் மருந்தால் அதிகம் சாதிக்க முடியும். கசிவைக் குறைக்கலாம், சிலருக்குப் பழைய அளவுக்கே இறங்கும். அந்தக் காலத்தைத்தான் பச்சை டிக் போட்டு விழுங்கிவிட்டார்கள்.

டைப் 2 என்றால் சர்க்கரை கண்டுபிடித்த உடனேயே, டைப் 1 என்றால் 5 வருடம் ஆனதும் இந்த டெஸ்ட் பார்க்க வேண்டும். அப்புறம் வருடத்துக்கு ஒருமுறையாவது. காலையில் முதலில் போகும் சிறுநீர் நல்லது. ஒரு ரிசல்ட்டை வைத்துப் பதறவும் வேண்டாம். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடுமையான உடற்பயிற்சி, மாதவிடாய் நேரங்களில் அளவு தற்காலிகமாகக் கூடும். 3 முதல் 6 மாதத்துக்குள் எடுக்கும் மூன்று சாம்பிளில் குறைந்தது இரண்டில் கூடுதலாக இருந்தால்தான் உறுதி.

அம்மாவுக்கு மறுபடியும் கூடுதலாகவே வந்தது. டாக்டர் டெல்மிசார்டான் என்ற ரத்த அழுத்த மருந்தை அல்புமின் கசிவைக் குறைக்க ஆரம்பித்து, சில வாரங்களில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்கச் சொல்லியிருக்கிறார். மூட்டுவலிக்கு அவ்வப்போது போட்டுவந்த மாத்திரையை, சிறுநீரகத்துக்கு ஆகாது என்பதால் நிறுத்தியாயிற்று.

அந்த பேக்கேஜ் இன்னும் அதே பெயரில்தான் விற்பனையில் இருக்கிறது. எங்கே பரிசோதனைக்குப் போனாலும் பணம் கட்டும் முன் பட்டியலை வாங்கிப் படியுங்கள். ‘யூரின் மைக்ரோ அல்புமின்’ அல்லது ‘ஏ.சி.ஆர்.’ என்ற வரி இல்லையென்றால், அதையும் சேர்க்கச் சொல்லிவிட்டு சாம்பிள் கொடுங்கள்.