போஸ்ட்கிரெஸ் அப்கிரேடு கருவிகள்: 3 டெராபைட்டை 12-இல் இருந்து 17-க்கு மாற்றிய அனுபவம்

போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளின் 12-ஆம் வெர்ஷனுக்கான ஆதரவு 2024 நவம்பரோடு முடிந்துவிட்டது. இனி பாதுகாப்புத் திருத்தம் எதுவும் வராது என்று தெரிந்த பிறகும் பில்லிங் ஓடுகிற டேட்டாபேஸை அப்படியே விட்டுவைக்க மனசு வரவில்லை. எங்களிடம் இருந்தவை இரண்டு. ரிப்போர்ட் எடுக்க மட்டும் ஒன்று, சுமார் 800 ஜிபி. ராத்திரி பகல் பார்க்காமல் ஆர்டர் விழுந்துகொண்டே இருக்கும் முதன்மை டேட்டாபேஸ் இன்னொன்று, 3 டெராபைட். சின்னதை பிஜி அப்கிரேட் கருவியாலும் பெரியதை லாஜிக்கல் ரெப்ளிகேஷனாலும் (மாற்றங்களை ஒரு சர்வரில் இருந்து இன்னொன்றுக்குத் தொடர்ந்து அனுப்பும் வசதி) 17-க்குக் கொண்டுபோனோம். இரண்டும் போஸ்ட்கிரெஸோடு இலவசமாகவே வருபவை, தனியாக எதையும் வாங்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்தியதால் எது எங்கே கைகொடுக்கும் என்று தெளிவாகவே சொல்ல முடியும்.

முதலில் பிஜி அப்கிரேட். வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறுவது பெரும்பாலும் டேட்டாபேஸ் தன்னைப் பற்றியே வைத்திருக்கும் சிஸ்டம் கேட்டலாக்தான், டேபிளின் டேட்டா ஃபைல் வடிவம் அப்படியேதான் இருக்கும். ஆகவே இந்தக் கருவி ஸ்கீமாவை (டேபிள்களின் அமைப்பை) மட்டும் டம்ப் எடுத்துப் புதிய பக்கத்தில் ஏற்றிவிட்டு, டேட்டா ஃபைல்களை அப்படியே காப்பி செய்கிறது. லிங்க் மோடில் அந்தக் காப்பியும் கிடையாது, ஹார்ட் லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) போட்டு முடித்துவிடும். அதனால் 800 ஜிபியா 8 டெராபைட்டா என்பது பெரிய விஷயமே இல்லை, எத்தனை டேபிள், எத்தனை இன்டெக்ஸ் என்பதை வைத்துத்தான் நேரம் கூடும் குறையும். காப்பி மோடில் ஒத்திகை பார்த்தபோது இரண்டு மணி நேரத்தைத் தாண்டியது, அதே டேட்டாபேஸ் லிங்க் மோடில் நாலு நிமிடத்துக்குள் முடிந்தது.

அந்த வேகத்துக்கு ஒரு விலை உண்டு. இரண்டு பக்கமும் ஒரே ஃபைலைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன, எனவே புதிய சர்வரை ஒரு தடவை ஸ்டார்ட் செய்துவிட்டால் பழையதற்குத் திரும்ப வழியில்லை. யாரும் தெரியாமல் பழையதைக் கிளப்பிவிடக் கூடாது என்று அதன் கன்ட்ரோல் ஃபைலின் பெயரையே மாற்றி வைத்துவிடுகிறது, நல்ல ஏற்பாடு. எக்ஸ்எஃப்எஸ் அல்லது பிடிஆர்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம் என்றால் குளோன் மோடு கிடைக்கும், அதில் வேகமும் இருக்கும், பழையதும் தனியாகப் பிழைத்திருக்கும். எங்களுடையது எக்ஸ்ட்4, அதனால் பேக்கப்பைச் சரிபார்த்துவிட்டுத்தான் லிங்க் மோடில் இறங்கினோம். அதற்கு முன்னால் செக் ஆப்ஷனை ஓட விட்டதில் ஒரு எக்ஸ்டென்ஷனின் லைப்ரரி புதிய பக்கத்தில் இல்லை என்று பிடித்துக் கொடுத்தது. சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே செக் செய்யலாம் என்பதால் யாரும் அதைத் தவிர்க்கக் காரணமே இல்லை.

ஆனால் எல்லாரும் தடுமாறுகிற இடம் அப்கிரேடு முடிந்த பிறகுதான் வருகிறது. 17 வரைக்கும் பிஜி அப்கிரேட் ஸ்டாட்டிஸ்டிக்ஸை எடுத்துக்கொண்டு வராது. டேட்டா எல்லாம் இருக்கும், ஆனால் எந்த டேபிளில் எந்த மதிப்பு எவ்வளவு இருக்கிறது என்று, க்வெரியை எப்படி ஓட்டுவது என முடிவு செய்யும் பிளானருக்கு ஒன்றுமே தெரியாது. ஒத்திகையில் நான் ஒரு வாடிக்கையாளர் எண்ணைக் கொடுத்து அவருடைய பில்களை எடுக்கும் க்வெரியை ஓட்டினேன், வழக்கமாக கண் இமைப்பதற்குள் வருவது, இந்தத் தடவை கர்சர் சும்மா மினுக்கிக்கொண்டே நின்றது, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ரத்து செய்து அதன் திட்டத்தைக் காட்டும் எக்ஸ்பிளெயின் போட்டால் இன்டெக்ஸை விட்டுவிட்டு இரண்டு பெரிய டேபிள்களை முழுசாகப் படித்து ஹாஷ் ஜாயின் செய்யக் கிளம்பியிருக்கிறது. வேக்யூம்டிபி என்ற கருவியை அனலைஸ் இன் ஸ்டேஜஸ் ஆப்ஷனோடு ஓட்டினால் மூன்று சுற்றாக ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சேர்க்கும், முதல் சுற்று மேலோட்டமானது, சீக்கிரம் முடிந்துவிடும், அதற்கப்புறம் சர்வரைத் திறந்துவிடலாம். நாங்கள் அந்த முதல் சுற்றையும் டவுன்டைமுக்குள் சேர்த்தே கணக்குப் போட்டோம், நீங்களும் அப்படியே செய்யுங்கள். 2025 செப்டம்பரில் வந்த 18-ஆம் வெர்ஷனில் பெரும்பாலான ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கூடவே வந்துவிடுகிறது, என்னைப் பொறுத்தவரை அந்த வெர்ஷனின் மிகப் பெரிய நன்மை இதுதான்.

சரி, முதன்மை டேட்டாபேஸுக்கு ஏன் வேறு வழி? அதற்குக் கிடைத்த அனுமதி இரண்டே நிமிடம். அதோடு, ஏதாவது தவறிப்போனால் திரும்பிப் போகிற பாதையும் வேண்டும் என்றார்கள், நியாயமான கோரிக்கை. லாஜிக்கல் ரெப்ளிகேஷன் 10-ஆம் வெர்ஷனில் இருந்தே இருக்கிறது, வெவ்வேறு வெர்ஷன்களுக்கு நடுவிலும் வேலை செய்யும். புதிய சர்வரில் ஸ்கீமாவை ஏற்றி, பழையதில் பப்ளிகேஷனும் (அனுப்ப வேண்டிய டேபிள்களின் பட்டியல்) புதியதில் சப்ஸ்கிரிப்ஷனும் (அதைப் பெறும் ஏற்பாடு) போட்டால் பழைய டேட்டா முழுவதும் காப்பியாகி, பிறகு ஒவ்வொரு மாற்றமும் பின்னாலேயே வந்து சேரும்.

கேட்க எளிமையாக இருக்கிறது, நடைமுறையில் கவனிக்க வேண்டியது நிறைய. பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் மதிப்பு) இல்லாத டேபிளைப் பப்ளிகேஷனில் சேர்த்தால், ரெப்ளிகா ஐடென்டிட்டி இல்லை என்று பழைய சர்வரிலேயே அப்டேட்டும் டெலீட்டும் எர்ரர் ஆகும், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் அப்ளிகேஷன் உடைந்துவிடும். இதை ஒத்திகையில் பார்த்ததால் தப்பித்தோம். டேபிள் அமைப்பில் செய்யும் மாற்றம் அந்தப் பக்கம் போகாது. எங்கள் டீமில் ஒருவர் பழைய பக்கம் மட்டும் ஒரு நெடுவரிசை (column) சேர்த்துவிட, சப்ஸ்கிரிப்ஷன் நின்றது, எதுவரை அனுப்பியாயிற்று என்று குறித்துவைக்கும் ஸ்லாட் நகரவில்லை, மாற்றங்களைப் பதிவுசெய்யும் வால் (WAL) ஃபைல்கள் சேர்ந்து சேர்ந்து டிஸ்க் 90 சதவீதத்தைத் தொட்டபோதுதான் அலாரம் அடித்தது. ஸ்லாட் பிடித்துவைக்கும் வால் அளவுக்கு வரம்பு போடும் வசதி 13-இல்தான் வந்தது, 12-இல் நாம்தான் கண்காணிக்க வேண்டும். அடுத்தடுத்த எண்களைத் தரும் சீக்வென்ஸ் மதிப்புகளும் போகாது. மாற்றும் நேரத்தில் அவற்றை முன்னே தள்ளி வைக்காவிட்டால் முதல் இன்செர்ட்டே டூப்ளிகேட் கீ என்று விழும்.

ஞாயிறு அதிகாலை 3 மணிக்கு மாற்றினோம். அப்ளிகேஷனுக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவில் இணைப்புகளைக் கையாளும் பிஜிபவுன்சரில் பாஸ் (PAUSE) கொடுத்ததும் ஓடிக்கொண்டிருந்த டிரான்சாக்ஷன்கள் முடிந்து புதியவை வரிசையில் நின்றன, அப்ளிகேஷனுக்கு எர்ரர் போகவில்லை, கொஞ்சம் தாமதம் மட்டும்தான். லேக் (புதிய சர்வர் பின்தங்கியிருக்கும் அளவு) பூஜ்யம் ஆனதைப் பார்த்து, சப்ஸ்கிரிப்ஷனை நிறுத்தி, சீக்வென்ஸ்களை ஏற்றி, புதிய சர்வரில் இருந்து பழையதற்கு எதிர்த்திசையில் ரெப்ளிகேஷனை காப்பி இல்லாமல் தொடங்கி, ஹோஸ்ட்டை மாற்றி ரீலோட், ரெஸ்யூம். மொத்தம் 50 வினாடி. எல்லாவற்றையும் ஒரே ஸ்கிரிப்ட்டாக எழுதி ஐந்து தடவை ஒத்திகை பார்த்திருந்ததால் அன்றைக்கு யாருக்கும் பதற்றம் இல்லை.

இன்னொரு நன்மையும் உண்டு. பழைய சர்வரின் இயங்குதளம் ரெட்ஹாட் லினக்ஸ் 7, புதியதில் 9. லினக்ஸின் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சியின் 2.28-இல் எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதம் மாறிவிட்டதால், ஃபைல்களை அப்படியே அங்கே கொண்டுபோயிருந்தால் டெக்ஸ்ட் இன்டெக்ஸ்கள் சத்தமில்லாமல் தப்பாகியிருக்கும், ரீஇன்டெக்ஸ் செய்தே ஆக வேண்டும். லாஜிக்கலில் இன்டெக்ஸ் புதிய பக்கத்திலேயே உருவாவதால் அந்தப் பிரச்சினை எழவே இல்லை.

என் மதிப்பெண்: பிஜி அப்கிரேட்டுக்கு ஐந்துக்கு நாலரை, லாஜிக்கல் ரெப்ளிகேஷனுக்கு நாலு. அரை மணி நேரம் மூடிவைக்க முடிகிறவர்கள் லிங்க் மோடிலேயே போங்கள், வாரக்கணக்கான வேலை மிச்சம். அது முடியாது, அல்லது திரும்பும் பாதை கட்டாயம் வேண்டும் என்றால் மட்டும் லாஜிக்கல். 17-இல் சேர்த்திருக்கும் பிஜி கிரியேட் சப்ஸ்கிரைபர் என்ற கருவி, முதன்மை சர்வரின் நகலாக ஓடும் ஸ்டாண்ட்பையையே சப்ஸ்கிரைபராக மாற்றிவிடும், எங்களை நான்கு நாள் காக்கவைத்த முதல் காப்பி அதில் தேவைப்படாது. மூல சர்வர் 12 என்பதால் இந்தத் தடவை அது எங்களுக்கு வாய்க்கவில்லை. 17-க்கு 2029 நவம்பர் வரை ஆதரவு இருக்கிறது, அதற்குள் அடுத்த மாற்றத்தை அந்த வழியில்தான் செய்யப்போகிறோம்.

பழைய சர்வரை எதிர்த்திசை ரெப்ளிகேஷனோடு பத்து நாள் ஓடவிட்டோம், ஒரு மாதக் கடைசி பில்லிங்கும் அதற்குள் நல்லபடியாக முடிந்தது. பதினோராம் நாள் காலையில் அங்கிருந்த சப்ஸ்கிரிப்ஷனை நீக்கிவிட்டு அதை நிறுத்தினோம்.